மாமியார் வீட்டில் பதினான்கு பேர்

பதினோரு மணிக்கு நான் ஓகே என்று தட்டிவிட வேண்டும். இங்கிலீஷில் இரண்டே எழுத்து. ஷாலினி மேடம் பெங்களூரிலிருந்து ஆன்லைன் கூட்டத்தில் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார், புரோகிராம் எழுதியவர்கள், டேட்டாபேஸ்காரர்கள், அப்புறம் டெஸ்டிங், டெஸ்டிங் என்று வரும்போது நான் பேசக்கூட வேண்டாம், சாட்டில் அந்த இரண்டெழுத்து விழுந்தால் போதும், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஆறு வருஷமாக அப்படித்தான். ஆஸ்பத்திரிகளுக்கு எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு இருபத்தேழு ரிலீஸ் போயிருக்கிறது, இருபத்தேழு தடவையும் தட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. நிறுத்துங்கள் என்பதாக இருந்தால்தான் வாய் திறக்க வேண்டும். அது கம்பெனியில் யாரோ வைத்த வழக்கம், சரி என்பதை எழுதலாம், நிறுத்து என்பதைச் சொல்ல வேண்டும், காரணத்தோடு, கூட்டத்தில் இருக்கிற இருபது பேரும் கேட்க. நல்ல வழக்கம்தான். எழுத்தில் நிறுத்து என்று போட்டுவிட்டு ஆள் காணாமல் போய்விடக்கூடாது என்று வைத்திருப்பார்கள். எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. மணி பத்தேகால். திரை முழுக்கப் பச்சை. ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள், எல்லாம் பச்சை. மெஷின் விடியற்காலை ஐந்து மணிக்குத் தானே எழுந்து, தானே மென்பொருளைத் திறந்து, ஒரு நோயாளி பெயரைப் போட்டு, எடையைப் போட்டு, மருந்தைப் போட்டு, உறையில் ஒட்டுகிற லேபிளில் சரியான அளவு விழுகிறதா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஆயிரத்துச் சொச்சம் தடவை இதையே செய்து ஏழு மணிக்கு முடித்துவிடும். நான் கையால் செய்த காலத்தில் இருநூறு பார்ப்பதற்கு ஒரு வாரம் ஆகும், வெள்ளிக்கிழமைக்குள் கட்டைவிரல் வீங்கிவிடும். இப்போது எனக்கு விரலுக்கு வேலையில்லை. எதை ஓட்டுவது, எதை நம்புவது, யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொடுப்பதுதான் வேலை. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு டேட்டா என்ட்ரிக்கு வந்தவனுக்கு இது அதிகம் என்று நானே நினைத்துக்கொள்வேன். புரோகிராம் எழுதத் தெரியாது. இந்தச் சோதனைகளை எழுதுகிறவர்கள் இருவர். மேலப்பாளையத்தில் மெஹருன்னிஸா, ஓசூரில் திருமேனி. நான் திண்டுக்கல்லில் சாப்பாட்டு மேசையில். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது கிடையாது. மெஹரை ஒரு தடவை அவள் கல்யாணத்தில் பார்த்தேன், திருமேனிக்கு இடது கன்னத்தில் மச்சம் இருப்பது திரையில்தான் தெரியும். திரையில் தெரிவது இடது கன்னம்தானா என்பதும் சந்தேகம்தான்.

எல்லாம் பச்சை என்று சொன்னேன். அதில் ஒரு அடிக்குறிப்பு உண்டு. பச்சைக் கட்டத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் இன்னொரு சின்னக் கட்டம், அதில் பதினான்கு. அந்தப் பதினான்கு சோதனைகளும் ஓடும், ஆனால் அவை சிவப்பானால் கணக்கில் சேராது. ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு என்று நிலையில்லாமல் பேசுகிறவை. சிவப்பு வந்தால் திரும்ப ஓட்டிப் பார்ப்போம், திரும்ப ஓட்டும்போது பச்சையானால் அது மென்பொருளின் தப்பில்லை, சோதனையின் கிறுக்கு. மூன்று தடவை அப்படிக் கிறுக்குப் பண்ணினால் சாம்பல் கட்டத்துக்கு அனுப்பிவிடுவோம். திருமேனிதான் அதற்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்தான். ஜெயிலுக்கு ஜெயிலும் ஆச்சு, நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுற ஆளுங்களுக்கு இடமும் ஆச்சு சார் என்றான். அவன் வீட்டோடு மாப்பிள்ளை, ஓசூரில் மாமியார் வீட்டு மாடியிலிருந்துதான் வேலை பார்க்கிறான், நீ இதைச் சத்தமாச் சொல்லாதே, கீழே கேட்கப்போகிறது என்று மெஹர் சிரித்தாள், கேட்டா எனக்குத்தான் சோறு கட், உனக்கென்ன என்றான் அவன். பெயர் நிலைத்துவிட்டது. ஷாலினி மேடம்கூட அந்தப் பெயரைத்தான் சொல்கிறார், அர்த்தம் தெரிந்தா தெரியாமலா என்று யாரும் கேட்டதில்லை. இன்று காலை அந்தப் பதினான்கில் ஒன்று சிவப்பு. பிறந்த குழந்தை. அதாவது, இன்று பிறந்த குழந்தை, எடை இரண்டு கிலோ எண்ணூறு, அதற்கு ஒரு ஊசி மருந்து, லேபிளில் அளவு சரியாக வருகிறதா. மூன்று வாரத்துக்கு முன்னால் மெஹர் எழுதியது. இந்த ரிலீஸில்தான் மென்பொருள் முதன்முதலாகப் பிரசவ வார்டுகளுக்குள் போகிறது, இதுவரை வெளிநோயாளி மருந்துக்கடையோடு நின்றது. நாற்பத்தொரு ஆஸ்பத்திரி. அதனால்தான் அந்தச் சோதனையே வந்தது. வந்த நாளிலிருந்தே அது நிலையில்லை. இரண்டு நாள் பச்சை, மூன்றாம் நாள் சிவப்பு, திரும்ப ஓட்டினால் பச்சை. அப்புறம் நாலு நாள் பச்சை. அப்புறம் சிவப்பு. மெஹர் ஒரு நாள் போனில், சார், காலம்பற ஓட்டுனா செவப்பு, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்து ஓட்டுனா பச்சை, அதுக்கும் பசிக்கிபோல என்றாள். அவளுக்கு ஆறு மாதக் குழந்தை. நான் சிரித்தேன். சரி, மூணு தடவை ஆச்சுல்ல, அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டாள். அது முறைதான். நாங்கள் மூன்று பேரும் முறையைத் தாண்டிப் போவதில்லை. இன்றைக்கும் ஒன்பது மணிக்குத் திரும்ப ஓட்டச் சொன்னேன், பச்சை. அப்படியென்றால் பச்சைதானே. பச்சை என்று வந்ததைப் பச்சையில்லை என்று சொல்ல நான் யார். ஆனால் மொத்தம் ஐந்து தடவை சிவப்பு. கிறுக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழ வேண்டும், மற்ற பதின்மூன்றும் அப்படித்தான், ஒரு நாள் பக்கம் திறக்காது, ஒரு நாள் பொத்தான் அழுந்தாது. இது ஐந்து தடவையும் ஒரே இடத்தில் விழுகிறது, லேபிளில் அளவு தப்பு என்று. கிறுக்கன் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் கிறுக்கன்தானா.

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. ஆடையை விரலால் ஒதுக்கிக் குடித்தேன், சர்க்கரை அடியில் இருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி லூர்து எட்டிப் பார்த்து, என்ன ரெம்ப நேரமா மாதா படத்தப் பாக்குற மாதிரி அந்தப் பச்சையவே பாத்துக்கிட்டு இருக்கீங்க, வரம் எதும் குடுக்குதா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். குக்கர் ஒரு விசில் விட்டது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தது, இன்வெர்ட்டர் கீச்சென்றது, திரை அசையவில்லை. கூட்டத்தில் கேமரா போடுவதில்லை நான். போட்டால் பின்னால் அரிசி டின் தெரியும் என்பது திருமேனியிடம் சொன்ன காரணம். மைக்கும் போடுவதில்லை. அதற்குக் காரணம் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற ஆசிரியர் வரவில்லை என்று சாமியார் என்னைக் கூப்பிட்டார், முன் பெஞ்சில் உட்கார்ந்தது என் தப்பு. போய் நின்றேன். புத்தகம் திறந்திருந்தது, எழுத்து தெரிந்தது, மைக் வாய்க்கு நேரே இருந்தது, மூச்சு விடுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது, அது என் மூச்சு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்திலிருந்த சிஸ்டர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அமைதியாக வாசித்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, லூர்துகூடச் சொல்லவில்லை, அவள் சொல்லாதது அந்த ஒன்றைத்தான். அது தமிழில். இங்கே இங்கிலீஷ். வாசிப்பேன், எழுதுவேன், மெயிலில் ஒரு பிழை இருக்காது, மூன்று தடவை பார்ப்பேன். பேச்சில்தான் வார்த்தைகள் முன்னுக்குப் பின் வரும். ஹோல்ட் என்று சொல்ல வேண்டும். அது ஒரே சொல், அதைச் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் ஷாலினி மேடம் ஒய் என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார், அவர் நல்ல மாதிரி, தீபாவளிக்கு எங்கள் மூன்று பேர் வீட்டுக்கும் முந்திரிப் பெட்டி அனுப்புவார், அதனால்தான் இன்னும் கஷ்டம். ஒய் என்றால் நான் என்ன சொல்ல. சந்தேகமாக இருக்கிறது மேடம். எதில் சந்தேகம். ஐந்து தடவை சிவப்பு மேடம். திரும்ப ஓட்டினீர்களா. ஓட்டினோம். என்ன வந்தது. பச்சை. அப்புறம் என்ன. அப்புறம் என்ன என்பதற்குப் பிறகு என் மூச்சுச் சத்தம் இருபது பேருக்கும் கேட்கும். ஓகே என்று தட்டிவிடலாம். முறைப்படி அதுதான் சரி. நாளைக்கே ஏதாவது ஆனாலும் முறை பச்சை என்றது, நான் பச்சை என்றேன். நாளைக்கே ஏதாவது என்றால் என்ன, அதை மட்டும் நினைக்காமல் தாண்டப் பார்த்தேன். இரண்டு கிலோ எண்ணூறு. என் மகள் ரெஜினா பிறந்தபோது இரண்டு எழுநூற்றைம்பது. மெஹர் எழுதின குழந்தை அதைவிட ஐம்பது கிராம் கூட.

ரெஜினா பிறந்தது ராத்திரி இரண்டே கால் மணிக்கு. நான் வராந்தாவில் இருந்தேன், கடிகாரம் தலைக்கு மேலே இருந்தது, அதனால் தெரியும். பதினைந்தாம் தேதி. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தார் நர்ஸ், கொஞ்சம் வயசானவர், ராத்திரி டூட்டி. லூர்து அந்த வலியிலும் பார்த்துவிட்டாள், சிஸ்டர், பன்னெண்டு தாண்டிருச்சே, பதினஞ்சுல்ல என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, நான் டூட்டி முடிச்சு எந்திரிக்கிற வரைக்கும் எனக்கு நேத்துதான்டி என்றார். சீட்டைத் திருத்தவுமில்லை. அந்தச் சீட்டை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், அவளுக்குச் சர்டிபிகேட்டில் பதினான்கு, வீட்டில் பதினைந்து, இரண்டு நாளும் கேக் வேண்டும் என்று கல்யாணம் ஆகிறவரை அடம் பிடித்தாள். இப்போதும் மருமகனிடம் அதே வசூல்தான். எந்திரிக்கிற வரைக்கும் எனக்கு நேத்துதான். நல்ல பேச்சு அது, அந்த அம்மாவைப் பொறுத்தவரை நியாயம்கூட. தூங்கி எழுந்தால்தானே மறுநாள், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்களுக்கு எங்கிருந்து தேதி மாறும். மெஷினும் தூங்குவதில்லை. மெஷினுக்கு எப்போது தேதி மாறும். ரிப்போர்ட்டில் நேரத்தைப் பார்த்தேன். சிவப்பு விழுந்த நேரம் இருபத்து மூன்று நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தது, நேற்றைய தேதியில். வழக்கம்போல ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொண்டேன், ஐந்து பன்னிரண்டு, இன்று காலை. சர்வர் இங்கிலாந்துக்காரன் நேரத்தில் ஓடுகிறது என்று திருமேனி வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னான், நம்ம அஞ்சரைக்குத்தான் சார் அதுக்குத் தேதியே மாறும் என்று. அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் மனசுக்குள் ஐந்தரையைக் கூட்டிவிடுவோம், மூன்று பேருமே, கூட்டுகிறோம் என்பதே தெரியாது. கூட்டிக் கூட்டி, அது பின்னால் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. இந்தத் தடவை கூட்டியதைத் திரும்பக் கழித்தேன். இருபத்து மூன்று நாற்பத்திரண்டு, நேற்று. மற்ற நாலு சிவப்பையும் எடுத்துப் பார்த்தேன். நாலும் ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில். சோதனைகளைத் தினமும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துத்தான் ஓட்டுகிறோம், பிறந்த குழந்தை முன்னால் விழுகிற நாளில் சிவப்பு, பின்னால் விழுகிற நாளில் பச்சை. மெஹர் காலம்பற என்று சொன்னது இதைத்தான். பசி இல்லை. சோதனை இந்தியத் தேதியில் குழந்தையைப் பெறுகிறது, இன்றைக்கு என்று. சர்வருக்கு அது இன்னும் நேற்று. பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. ராத்திரி பிறக்கிற குழந்தை எல்லாம்.

மணி பத்து முப்பத்தெட்டு. மெஹருக்குப் போன் போட்டேன், எனக்கு வேகமாகப் பேச வராது, இன்று வந்தது. டெஸ்ட் சர்வரில் கடிகாரத்தை நம் ராத்திரி இரண்டு மணிக்குத் தள்ளிவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓட்டு என்றேன். ஏன் என்று கேட்கவில்லை அவள். ஒரு சின்ன விக்கல் சத்தம் கேட்டது, குழந்தையுடையது.

"பிள்ளை மடியில கெடக்கு சார், ஒரு கையாலதான் தட்டுதேன். பொறுங்க."

பொறுத்தேன். ஃபேன் சுற்றியது. அவள் பக்கத்து அறையில் உம்மாவிடம் எதையோ எடுத்துவரச் சொன்னாள், அவர் இப்பமா உனக்கு என்றார். என் கணக்கு தப்பாக இருந்தால் நல்லது என்று ஒரு பக்கம் தோன்றியது, பச்சை வந்தால் ஓகே என்று தட்டிவிடலாம், வாய் திறக்க வேண்டாம். பச்சை வர வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கேவலம் என்று அப்போது உறைக்கவில்லை, விக்கல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதை நினைத்தேன். குக்கர் மூன்றாவது விசில். லூர்து அடுப்பை அணைத்தாள்.

"செவப்பு சார்" என்றாள் மெஹர். அப்புறம் குரலைத் தணித்து, "வயசு மைனஸ் ஒண்ணுங்கு. இந்தப் பிள்ளை நாளைக்குத்தான் பொறக்குமாம். வயசு வெளங்கலன்னு பெரிய ஆளுக்கு உள்ள அளவ லேபிள்ல அடிச்சு வச்சிருக்கு சார்."

அவள் குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. நீங்க சொல்லிருவீங்கள்ல சார் என்று கேட்டாள், அவளுக்கு என்னைத் தெரியும், ஆறு வருஷத்தில் மூன்று வருஷம் அவள் என்னோடு கூட்டத்தில் இருந்திருக்கிறாள், அங்கே என் குரலைக் கேட்டதில்லை. நீ சொல்லேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வாள், இங்கிலீஷ் ஓடும். ஆனால் நிறுத்து என்பதை டெஸ்டிங் பொறுப்பில் இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும், மற்றவர் சொன்னால் அது ஒரு கருத்து, அவ்வளவுதான், கேட்டுக்கொண்டு மேலே போய்விடுவார்கள். சொல்றேம்மா என்றேன்.

கூட்டத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள், பெயர்கள் கட்டம் கட்டமாக. ஷாலினி மேடம் குட் மார்னிங் சொன்னார். புரோகிராம்காரர்கள் ஓகே. டேட்டாபேஸ் ஓகே. வரிசையில் இன்னும் இருவர் எனக்கு முன்னால். ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் மூன்று வாக்கியம் எழுதி வைத்திருந்தேன், எழுத்து என்னுடையதாகத் தெரியவில்லை. இன்னும் ஒருவர். டெஸ்டிங் என்றார் மேடம், சொல்லிக்கொண்டே அடுத்த பெயருக்கும் மூச்சை இழுத்துவிட்டார், அது கேட்டது, சாட்டில் விழும் என்று அவருக்குத் தெரியுமே. மைக்கை அழுத்தினேன். மூச்சுச் சத்தம். என்னுடையதுதான், இந்தத் தடவை உடனே தெரிந்தது. திருமேனியிடமிருந்து போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது, சார், கை பட்டு மைக் ஆன் ஆயிருச்சுபோல. ஹோல்ட் என்றேன். சவரிமுத்து சாரா என்று யாரோ கேட்டார்கள். ஒய் என்று மேடம் கேட்டார், நான் நினைத்த மாதிரியேதான், மென்மையாக. முதல் வாக்கியத்தை வாசித்தேன். இரண்டாவதில் வினைச்சொல்லை விழுங்கிவிட்டேன். மூன்றாவதை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்துவிட்டு, மேடம், பேபி பார்ன் அட் நைட், சாஃப்ட்வேர் சே நாட் பார்ன், கிவ் பிக் மேன் டோஸ் என்றேன். அப்படியேதான் சொன்னேன், திருத்தி எழுதவில்லை. புரோகிராம்காரர் ஒருவர், அவ்வளவு பெரிய அளவு லேபிளில் வந்தால் எந்த நர்ஸும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாரே, இதற்காக நாற்பத்தொரு ஆஸ்பத்திரியை நிறுத்துவதா, அடுத்த வாரம் சரிசெய்து அனுப்பிக்கொள்ளலாமே என்றார். நியாயமான கேள்விதான். ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருக்கிற நர்ஸுக்கு அது இன்னும் நேற்று என்று எனக்கு இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. மேடம் கேட்டார், எத்தனை குழந்தைகளுக்கு இது நேரலாம் என்று ஒரு எண்ணிக்கை சொல்ல முடியுமா. எல்லோருக்கும் தெரியும் என்னிடம் எண்ணிக்கை இருக்கும் என்று. எதற்கும் இருக்கும். நான் யோசித்தேன், நாற்பத்தொன்று, ஒரு ராத்திரி, ஐந்தரை மணி நேரம், பெருக்கினால் ஏதோ வரும், வருவது பெரியதா சின்னதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

"நாட் கவுண்டட், மேடம்" என்றேன்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். குழம்பில் கடுகு வெடிக்கிற சத்தம் இருபது பேருக்கும் கேட்டிருக்கும். ஷாலினி மேடம் ஓகே, ஹோல்ட் என்றார், அவர் சாட்டிலும் தட்டினார், அது குறிப்புக்காக. அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்தது. லூர்து கரண்டியோடு வந்து நின்று, யாரக் கூப்பிட்டு அப்படி அதட்டுனீங்க என்றாள். அதட்டினேனா என்றேன். அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். முதுகு முழுக்க நனைந்திருந்தது, நாற்காலியில் ஒட்டிக்கொண்டது.

மெஹர் கூப்பிட்டாள். பிறந்த குழந்தையை மாமியார் வீட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன் சார் என்றாள். திரையில் சாம்பல் கட்டத்தில் பதினான்கு பதின்மூன்றாகியிருந்தது. பதின்மூன்று. நேற்றுவரை அது எனக்கு ஒரு எண், வாரக் குறிப்பில் எழுதுகிற எண், இருபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற எண். இப்போது ஒவ்வொன்றின் பெயரையும் வாசித்தேன். கிட்னி நோயாளி. இரட்டைக் குழந்தை. ஒரே மருந்து இரு கடையில். பக்கம் திறக்கவில்லை என்கிறது ஒன்று, பொத்தான் அழுந்தவில்லை என்கிறது ஒன்று, எப்போது திறக்கவில்லை, எதற்குப் பிறகு அழுந்தவில்லை என்று நாங்கள் ஒன்றிடமும் கேட்டதில்லை. மேலே இருப்பதிலிருந்து வருவோம் என்றேன் மெஹரிடம், அந்தக் கிட்னி நோயாளி, அது எப்பெப்ப செவப்பாகும் பார். அவள் தேடினாள், ஒரு கையால்தான் தேடியிருப்பாள், நேரம் ஆயிற்று.

"மாசம் பொறக்குற அன்னைக்கு மட்டும் சார்" என்றாள்.

நாளைக்கு ஒன்றாம் தேதி. மெஷினுக்கு முன்னால் எழ அலாரத்தை நாலரைக்கு வைத்தேன்.